வென்ற பிறகும் திறை செலுத்தியது ஏன்? சீனாவும் வியட்நாமும்: ஓர் எளிய அறிமுகம்

1427ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் வியட்நாமில் மிங் சீனாவின் இருபதாண்டு ஆட்சி முடிவுக்கு வந்தது. லாம் சோன் மலைப்பகுதியில் 1418இல் கிளர்ச்சியைத் தொடங்கிய லே லோய், சீனாவிலிருந்து உதவிக்கு வந்த படையைச் சி லாங் கணவாயில் மடக்கி அடித்தார். அதன் தளபதி லியு ஷெங் அங்கேயே கொல்லப்பட்டார். இன்றைய ஹனோய் இருக்கும் இடத்தில் இருந்த கோட்டைக்குள் வாங் தோங் என்ற இன்னொரு தளபதி தன் படையோடு அடைபட்டுக் கிடந்தார். பழிவாங்க வேண்டும் என்று லே லோயின் ஆட்களில் பலர் துடித்தார்கள். அவர் மறுத்துவிட்டார். தோற்ற படைக்குப் படகும் குதிரையும் உணவும் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தார். அதோடு நிற்கவில்லை. மிங் பேரரசரிடம் பிழை பொறுக்கக் கேட்டு மடல் போனது. கூடவே தங்கத்தில் செய்த இரண்டு மனித உருவங்களும், யானைத் தந்தங்களும், பட்டும் திறையாகப் போயின.

போரில் வென்றவர் எதற்காகத் தோற்றவரிடம் பிழை பொறுக்கக் கேட்க வேண்டும்?

சீனப் பேரரசுகளுக்கும் வியட்நாமிய அரசுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் நிலவிய உறவைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. அந்த உறவை அடிமைத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. வெறும் சடங்கு, அதில் ஒன்றும் இல்லை என்று தள்ளிவிடுபவர்களும் உண்டு. என் பார்வையில் இரண்டுமே பிழை. சடங்கில் தாழ்ந்துபோய், அதற்கு ஈடாக ஆட்சியை முழுதாகத் தன் கையில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அதற்கு உண்மையான விலை இருந்தது. உண்மையான பலனும் இருந்தது. சில சமயம் அந்த ஏற்பாடு உடைந்தது. உடைந்தபோதெல்லாம் பெரும் போர் வந்தது.

திறை உறவு என்றால் என்ன?

சீனப் பேரரசர் ‘வானத்தின் மகன்’ எனப்பட்டார். வானத்துக்குக் கீழே இருக்கும் உலகத்துக்கெல்லாம் நடுநாயகம் அவர் ஒருவரே என்பது அரசவையின் கோட்பாடு. அதில் சமமான இன்னொரு பேரரசருக்கு இடமில்லை. நடைமுறையில் இந்தக் கோட்பாடு வளைந்தும் கொடுத்தது: வடக்கே வலிமையோடு இருந்த லியாவ் அரசோடு 1005இல் உடன்படிக்கை செய்துகொண்ட சொங் பேரரசு, அதைச் சமமாக நடத்தியது, ஆண்டுதோறும் வெள்ளியும் பட்டும் கொடுத்தது. ஆனால் தெற்கே இருந்த சிறிய அண்டை நாட்டுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

அப்படிப்பட்ட அண்டை நாட்டு அரசர் சீனாவோடு அமைதியாக இருக்க விரும்பினால் சில முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். குறித்த காலத்துக்கு ஒருமுறை தூதர்களைத் திறைப்பொருள்களோடு அனுப்ப வேண்டும். பழைய அரசர் இறந்து புதியவர் அரியணை ஏறினால் சேதி சொல்லிப் பட்டம் கேட்க வேண்டும். பேரரசர் ஆணைமடலும் முத்திரையும் அனுப்பி அவரை அரசராக ஏற்பார். சீனாவுக்கு எழுதும் மடல்களில் சீனப் பேரரசரின் ஆட்சியாண்டைத்தான் போட வேண்டும். பதிலுக்குச் சீனா அந்த அரசரை நாட்டின் முறையான ஆட்சியாளராக ஒப்புக்கொள்ளும். எல்லைச் சந்தைகள் திறந்திருக்கும். தூதர்கள் பரிசுகளோடு திரும்புவார்கள். உள்நாட்டில் யாரிடம் வரி வாங்குவது, யாரை அமைச்சராக்குவது, என்ன சட்டம் போடுவது என்பதில் சீனா தலையிடாது.

மிங் காலத்தில் வியட்நாம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திறை அனுப்ப வேண்டும் என்பது விதி. அதற்குப் பின் வந்த சிங் பேரரசின் காலத்தில் இரண்டு தவணைகளைச் சேர்த்து ஆறு ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பினார்கள். தங்கம், வெள்ளிக் கலங்கள், அகில், தந்தம், காண்டாமிருகக் கொம்பு ஆகியவை வழக்கமான பொருள்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சீன ஆவணத்தில் ‘திறை கொண்டுவந்தார்கள்’ என்று இருந்தால் உடனே அந்த நாடு அடங்கியிருந்தது என்று முடிவுகட்டக் கூடாது. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சொங் அரசவைக்கு வந்த சோழர் தூதர்களையும் சீன எழுத்தர்கள் திறை கொண்டுவந்தவர்களாகத்தான் பதிவுசெய்தார்கள். கடல் கடந்து வணிகம் நாடிப் போன சோழர்களுக்கு அந்தப் பதிவு எந்தக் கட்டுப்பாட்டையும் கொண்டுவரவில்லை. வியட்நாமின் நிலை வேறு. சீனாவோடு நில எல்லை. பேரரசர் நினைத்தால் படை நடந்தே வந்துவிடும். அதனால் அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும், ஒவ்வொரு வணக்கத்துக்கும் கனம் இருந்தது.

உறவுக்கு முந்தைய ஆயிரம் ஆண்டுகள்

வியட்நாம் எல்லாக் காலத்திலும் தனி நாடாக இருந்துவிடவில்லை. கி.மு. 111இல் ஹான் பேரரசர் வு, நான்யுவே என்ற தென்னாட்டைக் கைப்பற்றினார். அதிலிருந்து கி.பி. 10ஆம் நூற்றாண்டு வரை, இடையிடையே வந்த கிளர்ச்சிகளைத் தவிர்த்துப் பார்த்தால், வடக்கு வியட்நாமின் செவ்வாற்றுச் சமவெளி சீன அரசுகளின் கீழ் இருந்தது. கி.பி. 40இல் திருங் சகோதரிகள் கிளர்ந்தெழுந்தார்கள். மூன்றே ஆண்டுகளில் மா யுவான் என்ற தளபதி அதை அடக்கினார். அவர் எல்லையில் வெண்கலத் தூண்களை நட்டதாக ஒரு மரபுக் கதை பிற்காலம் வரை இரு நாட்டு அறிஞர்களின் வாதங்களில் வந்துகொண்டே இருந்தது. 679இல் டாங் பேரரசு இந்தப் பகுதியை ‘அன்னாம்’ என்ற பெயரில் ஓர் எல்லைக் காப்பு மாகாணமாக்கியது.

டாங் பேரரசு சிதறியபோது வாய்ப்பு வந்தது. 938இல் பாக் டாங் ஆற்றின் முகத்துவாரத்தில் இரும்பு முனை பொருத்திய மரக்கழிகளை நட்டு, ஏற்றநீரில் அவை மறைந்திருந்த நேரத்தில் எதிரிக் கப்பல்களை உள்ளே இழுத்து, நீர் வடியும்போது தாக்கி, தென் ஹான் அரசின் கடற்படையை ஙோ குயென் அழித்தார். அதன் பிறகு உள்நாட்டுக் குழப்பம். 968இல் டின் போ லின் நாட்டை ஒன்றாக்கித் தன்னைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டார், தனக்கென ஓர் ஆட்சியாண்டுக் கணக்கையும் தொடங்கினார். அப்புறம் சொங் அரசவைக்குத் தூது அனுப்பிப் பட்டமும் பெற்றுக்கொண்டார்.

சொங் அரசவை முதலில் கொடுத்த பட்டத்தைக் கவனிக்க வேண்டும். அது ஒரு நாட்டின் அரசர் என்ற பட்டம் அல்ல. சீனாவின் பழைய மாவட்டம் ஒன்றின் இளவரசர் என்ற பட்டம்தான். கைவிட்டுப்போன ஒரு மாகாணம் என்றுதான் சீனா அதை நினைத்துக்கொண்டிருந்தது. ‘அன்னாம் நாட்டு அரசர்’ என்ற பட்டம் கிடைக்க 12ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இடைப்பட்ட காலத்தில் இரண்டு பெரிய போர்களும் ஏராளமான தூதுப் பயணங்களும் நடந்தன.

உள்ளே பேரரசர், வெளியே அரசர்

இந்த உறவின் நடுப்புள்ளி இதுதான். வியட்நாம் மன்னர்கள் தம் மக்களிடம் பேரரசர். சீனாவுக்கு எழுதும் மடலில் வெறும் அரசர். ஒரே ஆள், ஒரே அரியணை, இரண்டு பட்டங்கள்.

இந்தப் பழக்கத்துக்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. ஹான் படை வருவதற்கு முன்னால் நான்யுவே நாட்டை நிறுவியவர் ஜாவ் துவோ. வடக்கிலிருந்து வந்த அதிகாரிதான். இன்றைய குவாங்சோவில் தலைநகர் வைத்து ஆண்ட அவர் பேரரசர் என்று பட்டம் சூட்டிக்கொண்டார். ஹான் அரசவை லு ஜியா என்ற தூதரை அனுப்பிப் பேசியதும், அந்தப் பட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று பணிவாகப் பதில் எழுதினார். உள்நாட்டில் விடவே இல்லை என்று சீன வரலாறு சொல்கிறது. 1983இல் குவாங்சோவில் அவருடைய பேரனின் கல்லறையைக் கண்டெடுத்தார்கள். உள்ளே ஒரு தங்க முத்திரை. அதில் பேரன் ‘பேரரசர்’ என்றுதான் குறிக்கப்பட்டிருக்கிறார். ஏட்டில் இருந்த செய்தியை மண்ணுக்குள்ளிருந்து வந்த பொருள் அப்படியே உறுதிசெய்தது. தொல்லியலில் இவ்வளவு தெளிவான சாட்சி அடிக்கடி கிடைக்காது.

வியட்நாம் மன்னர்கள் இதை இன்னும் நுட்பமாக்கினார்கள். சிலர் சீனாவோடு பேசும்போது வேறு பெயரையே வைத்துக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் நுயென் ஹுவே சீனாவுக்கு எழுதிய மடல்களில் நுயென் குவாங் பின். அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய திரான் மன்னர்களிடமும் இதே வழக்கம் இருந்தது. சீனப் பேரரசரின் ஆணையில் எழுதப்படும் பெயர் தம் இயற்பெயராக இருக்கக் கூடாது என்பதில் அவர்கள் கவனமாக இருந்தார்கள்.

சீனா இதை அறியாமலா இருந்தது? பல சமயம் அறிந்தே இருந்தது. கண்டும் காணாததுபோல் விட்டது. தெற்கே வெப்பமும் நோயும் மிகுந்த நாட்டில் படை நடத்தும் செலவைவிட, பெய்ஜிங்குக்கு வரும் மடலில் சரியான சொற்கள் இருந்தால் போதும் என்பது அதற்கும் வசதியாக இருந்தது. மிங் பேரரசை நிறுவிய ஹோங்வு, தன் வாரிசுகளுக்கு எழுதிவைத்த அறிவுரையில் படையெடுக்கக் கூடாத நாடுகளின் பட்டியலே கொடுத்தார். அதில் அன்னாமும் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியட்நாம் அரசும் தனக்குத் தெற்கிலும் மேற்கிலும் இருந்த நாடுகளிடம் திறை எதிர்பார்த்தது. சம்பா (இன்றைய மத்திய வியட்நாமில் இருந்த அரசு), லாவோஸ், பிற்காலத்தில் கம்போடியா ஆகியவற்றை அது பார்த்த பார்வை, சீனா அதைப் பார்த்த பார்வைக்கு மிக நெருக்கமானது. 1471இல் லே தான் தோங் என்ற மன்னர் சம்பாவின் தலைநகர் விஜயாவை அழித்தார். பெரிய அண்டை நாட்டிடம் தன்மானம் காத்த அரசு, சிறிய அண்டை நாட்டிடம் இரக்கம் காட்டியது என்று சொல்வதற்கில்லை.

வணக்கத்தில் நடந்த இழுபறி

சடங்கு முக்கியம் என்றால், சடங்கில் எவ்வளவு குனிவது என்பதும் முக்கியம். 990இல் சொங் தூதர் சொங் ஹாவ் வந்தபோது, பேரரசரின் ஆணையை மண்டியிட்டு வாங்க வேண்டிய மன்னர் லே ஹோவான் மண்டியிடவில்லை. அண்மையில் போர்க்களத்தில் குதிரையிலிருந்து விழுந்து காலில் அடி என்று காரணம் சொன்னார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான் இதே மன்னர் சொங் படையெடுப்பை முறியடித்திருந்தார். தூதர் அதை அப்படியே அறிக்கையில் எழுதிவிட்டுப் போனார். சில ஆண்டுகளில் லே ஹோவானுக்கு இன்னும் உயர்ந்த பட்டம் வந்துசேர்ந்தது.

1761இல் கூட இதே இழுபறி. பட்டம் வழங்க வந்த சிங் தூதர்கள் மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை தலை தரையில் பட வணங்கச் சொன்னார்கள். எங்கள் முறை ஐந்து வணக்கம், மூன்று தலைதாழ்த்தல் என்று வியட்நாம் அரசவை வாதாடியது. எண்ணிக்கைக்காக நடந்த சண்டையாகத் தோன்றும். எங்கள் நாட்டுக்கென்று ஒரு முறை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவைப்பதே அதன் சாரம்.

யானைகளை வைத்து நிலத்தை மீட்ட கதையையும் இங்கே சொல்லலாம். 1075இல் சொங் படை தாக்கத் தயாராகிறது என்று அறிந்த தளபதி லீ தூங் கியெட் முந்திக்கொண்டார். எல்லை தாண்டிப் போய் இன்றைய நான்னிங் நகரத்தை முற்றுகையிட்டு அழித்தார். அங்கே மக்களும் பெருந்தொகையாக மாண்டார்கள். பதிலுக்கு வந்த சொங் படை நோயாலும் எதிர்ப்பாலும் தளர்ந்து 1077இல் திரும்பியது. ஆனால் தங்கம் கிடைக்கும் குவாங் நுயென் மலைப்பகுதியைத் தன் வசம் வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு வியட்நாமின் தூதர்கள் ஐந்து யானைகளைத் திறையாகக் கொண்டுபோய், அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பிடித்துவந்த கைதிகளை விடுவிக்கவும் இசைந்தார்கள். நிலம் திரும்பி வந்தது. யானைக்கு ஆசைப்பட்டுத் தங்கத்தை இழந்தோம் என்ற பொருளில் சீனத் தரப்பில் ஒரு செய்யுள் எழுந்ததை வியட்நாமின் வரலாற்று ஏடு பதிவுசெய்திருக்கிறது. திறை என்பது பேச்சுவார்த்தையின் கருவியாகவும் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மங்கோலியர் காலத்தில் இழுபறி மிகக் கடுமையானது. அரசர் நேரில் வர வேண்டும், இளவரசர்களைப் பிணையாக அனுப்ப வேண்டும், மக்கள்தொகைக் கணக்கும் படையும் வரியும் தர வேண்டும் என்று குப்லாய் கான் கேட்டார். இதெல்லாம் பழைய திறை உறவில் இல்லாதவை. திரான் மன்னர்கள் உடல்நலத்தைக் காரணம் காட்டித் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார்கள். குப்லாய் ஆட்சிக்கு வருமுன்பே 1258இல் ஒருமுறை, பிறகு 1285, 1287-88 என்று மொத்தம் மூன்று முறை படையெடுப்பு வந்தது. கடைசிப் போரில் திரான் ஹுங் டாவ், ஙோ குயெனின் அதே பாக் டாங் ஆற்றில் அதே போன்ற மரக்கழிகளால் மங்கோலியரின் யுவான் அரசின் கப்பற்படையை வீழ்த்தினார். வென்ற கையோடு மீண்டும் திறை போனது. கைதிகளும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அரசர் மட்டும் போகவில்லை. அவருக்குப் பதிலாகத் தங்க உருவம் அனுப்பும் வழக்கம் இந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. லே லோய் அனுப்பிய தங்க மனிதர்களின் பின்னணி இதுதான்.

எல்லா வணக்கமும் இப்படிச் சாமர்த்தியமாக முடியவில்லை. லே அரச மரபைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்த மாக் டாங் ஸுங், மிங் படை எல்லையில் திரண்டதும் 1540இல் எல்லைக் கணவாய்க்குப் போனார். கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, மண்டியிட்டுச் சரணடைந்தார். எல்லையோரச் சிற்றூர்ப் பகுதிகள் சிலவற்றையும் ஒப்படைத்தார். சீனா அன்னாமை அரசு என்ற நிலையிலிருந்து ஒரு நிர்வாகப் பகுதியாகத் தாழ்த்தியது. பேச்சளவில்தான்; ஆட்சி மாக் குடும்பத்திடமே இருந்தது, போரும் வரவில்லை. வியட்நாமின் மரபான வரலாற்றாசிரியர்கள் இதற்காக அவரை மன்னிக்கவே இல்லை. எனக்கு அவர்மீது அவ்வளவு கோபம் வரவில்லை. ஏற்கெனவே லே ஆதரவாளர்களோடு உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த நாட்டில், இரண்டாவது போர் ஒன்றை அந்தக் கயிறு தடுத்தது.

ஏற்பாடு உடைந்தபோது

திறை உறவு பாதுகாப்புக்கு உத்தரவாதம் என்று நினைத்தால் 1407 அதை மறுக்கும். 1400இல் ஹோ குய் லி என்ற அமைச்சர் திரான் அரியணையைக் கைப்பற்றினார். திரான் வாரிசு யாரும் இல்லை என்று சீனாவிடம் சொல்லித் தன் மகனுக்குப் பட்டமும் வாங்கிவிட்டார். பிறகு திரான் வாரிசு என்று சொல்லிக்கொண்டு ஒருவர் மிங் அரசவைக்கு வந்துசேர்ந்தார். அவரைக் காவலோடு திருப்பி அனுப்பியபோது வழியில் மறித்துக் கொன்றுவிட்டார்கள். யோங்லே பேரரசர் படையனுப்பினார். திரான் மரபை மீட்கத்தான் வருகிறோம் என்று சொல்லி வந்தவர்கள், வாரிசு கிடைக்கவில்லை என்று அறிவித்து நாட்டையே சீன மாகாணமாக்கினார்கள். தந்தை ஹோங்வு எழுதிவைத்த தடை மகனைத் தடுக்கவில்லை.

அந்த இருபதாண்டுகளில் வியட்நாமியர் எழுதிய ஏடுகளையும் கல்வெட்டுகளையும் அழிக்க யோங்லே ஆணையிட்டார். 1400க்கு முந்தைய வியட்நாமிய நூல்கள் இன்று மிகக் குறைவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இழப்பு என்றால் இதுதான் இழப்பு. போரில் இடிந்த கோட்டையைத் திரும்பக் கட்டலாம்.

ஆட்களையும் கொண்டுபோனார்கள். சிறுவனாகக் கொண்டுபோகப்பட்டு அரண்மனை அலியாக்கப்பட்ட நுயென் ஆன், பின்னாளில் பெய்ஜிங்கின் ஒன்பது கோட்டை வாசல்களைக் கட்டும் பணியையும், எரிந்துபோன அரண்மனை மண்டபங்களை மீண்டும் எழுப்பும் பணியையும் தலைமை தாங்கி நடத்தினார். ஹோ குய் லியின் மூத்த மகன் கைதியாகப் போய், மிங் அரசுக்குத் துப்பாக்கி, பீரங்கி செய்வதில் மேற்பார்வையாளரானார்.

இப்போது லே லோயின் தங்க மனிதர்கள் புரியும். 1407இல் நடந்தது மறுபடி நடக்கக் கூடாது. சீனப் பேரரசருக்குத் தோல்வியை மறைத்துக்கொள்ள ஒரு வழி கொடுக்க வேண்டும். அதனால் பெயரளவில் திரான் வாரிசு ஒருவரை முன்னிறுத்தினார். மிங் அரசவையும் அவரை ஏற்றுக்கொண்டு படையைத் திரும்பப் பெற்றது. அந்த வாரிசு 1428இல் இறந்தார், லே லோய் அரியணை ஏறினார். வேறு வாரிசைத் தேடு என்று மிங் அரசவை கேட்டுக்கொண்டே இருந்தது. 1431இல் ‘நாட்டு அலுவலைத் தற்காலிகமாகக் கவனிப்பவர்’ என்ற பட்டம் மட்டும் கிடைத்தது. அரசர் பட்டம் அவருடைய மகன் காலத்தில்தான் வந்தது.

வெளியே இப்படிப் பணிந்த அதே நேரத்தில், உள்நாட்டுக்காக அவருடைய அறிஞர் நுயென் திராய் ஒரு வெற்றிப் பிரகடனம் எழுதினார். எங்கள் மலைகளும் ஆறுகளும் வேறு, வடக்கின் வழக்கமும் தெற்கின் வழக்கமும் வேறு. எங்கள் அரச மரபுகள் ஹான், டாங், சொங், யுவான் மரபுகளோடு அவரவர் பகுதியில் பேரரசர்களாக இருந்தன என்பது அதன் கருத்து. அது எழுதப்பட்ட மொழி செவ்வியல் சீனம்.

கடன்வாங்கியது எப்படிச் சொந்தமானது?

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவார்கள். சீனாவை எதிர்த்த நாடு, சீன மொழியிலேயே எழுதி, கன்பூசியஸைப் போற்றி, சீன முறையில் தேர்வு வைத்து அதிகாரிகளை எடுத்தது ஏன்? அன்றைய கிழக்காசியாவில் செவ்வியல் சீனம் படித்தவர்கள் அனைவருக்கும் பொதுவான எழுத்து மொழி. கொரியாவும் ஜப்பானும் அதையே எழுதின. வியட்நாம் அறிஞர்களுக்குக் கன்பூசியஸ் ஒரு வெளிநாட்டவராகத் தோன்றவில்லை. நாகரிகத்தின் பொதுச் சொத்தாகத் தோன்றினார். அதனால் அந்தச் சொத்தில் தங்களுக்குச் சமபங்கு உண்டு என்று அவர்கள் நம்பினார்கள்.

ஹனோயின் இலக்கியக் கோயில் 1070இல் கட்டப்பட்டது. முதல் தேர்வு 1075இல், அதாவது லீ தூங் கியெட் சீனாவுக்குள் படை நடத்திப் போன அதே ஆண்டில் நடந்தது. தேர்வில் வென்றவர்களின் பெயர் பொறித்த 82 கல்வெட்டுகள் ஆமைச் சிலைகளின் முதுகில் இன்றும் அங்கே நிற்கின்றன.

வாங்கியதை மாற்றவும் செய்தார்கள். லே கால சட்டத்தொகுப்பு டாங் சட்டத்தைப் பின்பற்றினாலும், மகள்களுக்குச் சொத்தில் பங்கு கொடுத்தது. மகன் இல்லாவிட்டால் முன்னோர் வழிபாட்டுக்கான நிலத்தை மூத்த மகள் பெறலாம் என்றது. சீனச் சட்டத்தில் அப்படி இல்லை. பன்னிரண்டு விலங்கு ஆண்டுகளில் முயலுக்குப் பதில் பூனையை வைத்துக்கொண்டார்கள். சீன எழுத்தின் உறுப்புகளைக் கொண்டே வியட்நாமியத்தை எழுத நோம் என்ற எழுத்துமுறையை உருவாக்கினார்கள். 1813இல் சீனாவுக்குத் தூதுக்குழுவைத் தலைமை தாங்கிப் போன நுயென் ஸூ என்ற கவிஞர்தான், சீன உரைநடைக் கதை ஒன்றை எடுத்து 3,254 அடிகள் கொண்ட வியட்நாமியக் காப்பியமாகப் பாடியவர். மூலக்கதையைச் சீனாவில் நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. ‘கியூவின் கதை’ என்ற அவருடைய காப்பியம் வியட்நாமில் படிக்காதவர்களுக்கும் மனப்பாடம்.

பண்பாட்டைக் கொண்டுவந்தவர்களில் முதலிடம் தூதர்களுக்குத்தான். எல்லைக் கணவாயைக் கடந்து, குவாங்சியின் ஆறுகளில் படகேறி, மத்திய சீனா வழியாகப் பெய்ஜிங் போய்த் திரும்ப பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் ஆகும். வழி நெடுகக் கவிதை எழுதினார்கள், புத்தகம் வாங்கினார்கள். ஹனோய்க்குத் தெற்கே குவாட் டோங் என்ற ஊரில் பூத்தையல்காரர்கள், சீனாவுக்குத் தூது போன லே கோங் ஹான் கற்றுவந்த கலை இது என்று சொல்லி இன்றும் அவரைக் குலகுருவாக வணங்குகிறார்கள்.

1597இல் பெய்ஜிங்கின் விருந்தினர் விடுதியில் வியட்நாமின் ஃபுங் காக் கோவானும் கொரியாவின் யி சுகுவாங்கும் சந்தித்தார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. தூரிகையால் தாளில் எழுதியே உரையாடினார்கள், கவிதைகளைப் பரிமாறிக்கொண்டார்கள். சீனப் பேரரசரின் முன்னால் வணங்க வந்த இரு நாட்டு அறிஞர்கள், அந்தப் பேரரசரின் மொழி வழியாகவே நண்பர்களானார்கள். இந்த வரலாறு முழுவதிலும் என் மனத்துக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி இதுதான்.

இதே தன்மதிப்புதான் லே குய் டோனிடமும் தெரிகிறது. 1760களின் தொடக்கத்தில் தூது போன அவர், குவாங்சி அதிகாரிகள் தங்கள் ஆவணங்களில் வியட்நாம் தூதர்களை நாகரிகமற்றவர் என்ற சொல்லால் குறிப்பதைக் கண்டு எழுத்தில் ஆட்சேபித்தார். அதிகாரிகள் சொல்லை மாற்றினார்கள். 1831இல் லீ வான் ஃபுக், ஃபூஜியன் மாகாணத்தில் தங்கும் விடுதியின் பலகையில் அதே சொல்லைக் கண்டு உள்ளே போக மறுத்தார். கன்பூசியஸ் வழி நடப்பவர் எப்படி நாகரிகமற்றவர் ஆவார் என்று கட்டுரையே எழுதினார். சீனாவை மறுக்கச் சீனாவின் அளவுகோலையே எடுத்தார்.

1789: ஒரே ஆண்டில் போரும் பட்டமும்

இந்த உறவின் எல்லாக் கூறுகளையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் குவாங் துருங்கைப் பார்க்க வேண்டும். நுயென் ஹுவே என்பது இவருடைய இயற்பெயர். டேய் சோன் கிளர்ச்சியை நடத்திய மூன்று சகோதரர்களில் ஒருவர். ஆட்சி இழந்த லே மன்னர் சீனாவிடம் உதவி கேட்டார். சியென்லோங் பேரரசர் தெற்குச் சீனாவின் ஆளுநர் சுன் ஷியியின் தலைமையில் படை அனுப்பினார். 1788இன் இறுதியில் அந்தப் படை தலைநகரைப் பிடித்தது. குவாங் துருங், மத்திய வியட்நாமின் ஹுவே நகரப் பகுதியில் தன்னைப் பேரரசர் என்று அறிவித்துவிட்டு வடக்கே விரைந்தார். 1789 ஜனவரி இறுதியில், சீனப் படை புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இருந்தபோது தாக்கி விரட்டினார். சுன் ஷியி உயிர்தப்பி எல்லை தாண்டினார்.

உடனே சமாதான மடல். நான் சண்டைக்கு விரும்பவில்லை, தளபதிதான் காரணம், பட்டம் தாருங்கள் என்ற தொனி. சியென்லோங் பட்டம் கொடுத்தார். லே மரபைக் காப்பாற்றத்தான் படை அனுப்பியதாகச் சொன்ன அதே அரசவை, அடைக்கலம் வந்த லே மன்னரையும் அவர் ஆட்களையும் தலை மழித்துச் சடை பின்னவைத்து, சிங் அரசின் படைப்பிரிவு ஒன்றில் சேர்த்துவிட்டது. கொள்கை எவ்வளவு நெகிழ்வானது என்பதை அந்த மன்னரின் கதி சொல்கிறது. அவருக்காக வருந்தாமல் இருக்க முடியவில்லை.

1790இல் சியென்லோங்கின் எண்பதாவது பிறந்தநாள் விழாவுக்குச் செங்டே கோடை அரண்மனைக்கு ‘அன்னாம் அரசர்’ நேரில் வந்தார். நூற்றாண்டுகளாக எந்த வியட்நாம் மன்னரும் செய்யாத பயணம். பேரரசர் மகிழ்ந்துபோனார், தங்க உருவம் அனுப்பும் பழைய கடமையையும் நீக்கினார். ஆனால் வந்தவர் குவாங் துருங் அல்ல, அவருடைய இடத்தில் நடிக்க அனுப்பப்பட்ட வேறு ஒருவர் என்று வியட்நாம் மரபு சொல்கிறது. வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோரும் அதை ஏற்கிறார்கள். எல்லைச் சந்தைகளைத் திறக்க வேண்டும் என்ற குவாங் துருங்கின் கோரிக்கையும் நிறைவேறியது.

கடைசிக் கட்டம்

டேய் சோன் ஆட்சியை வீழ்த்தி 1802இல் நாட்டை ஒன்றாக்கிய ஜியா லோங், நாட்டுக்கு ‘நாம் வியட்’ என்ற பெயரை ஒப்புக்கொள்ளும்படி சீனாவைக் கேட்டார். அது ஜாவ் துவோவின் பழைய நான்யுவேயின் பெயர். குவாங்டோங்கும் குவாங்சியும் அந்தப் பழைய நாட்டுக்குள் இருந்தவை. நாளைக்கு அவற்றையும் கேட்பாரோ என்று ஜியாசிங் பேரரசருக்கு ஐயம். சொற்களை முன்பின்னாக மாற்றி ‘வியட்நாம்’ என்று 1804இல் பட்டம் வந்தது. இன்று உலகம் அழைக்கும் பெயர் இப்படி ஒரு பேரத்தில் பிறந்தது. ஜியா லோங்கின் மகன் மின் மாங் 1830களின் இறுதியில் சீனாவைக் கேட்காமலேயே நாட்டுப் பெயரை டாய் நாம் என்று மாற்றிக்கொண்டார். சீனாவுக்குப் போன மடல்களில் வியட்நாம் என்றே தொடர்ந்தது. 1849இல் து டுக் பேரரசருக்குப் பட்டம் வழங்க சிங் தூதர் முதன்முறையாக ஹுவே வரை வந்தார். அதற்கு முன்பு அரசர்கள் ஹனோய் வரை போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது.

அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் வந்துவிட்டார்கள். 1884 ஜூனில் ஹுவேயில் உடன்படிக்கை கையெழுத்தானபோது, சீனா கொடுத்த தங்க முலாம் பூசிய வெள்ளி முத்திரையைப் பிரெஞ்சுப் பிரதிநிதியின் கண்முன்னே உருக்கினார்கள். சீனா பிரான்ஸோடு போரிட்டுப் பார்த்தது. 1885இல் தியான்ஜின் உடன்படிக்கையில் வியட்நாம்மீது பிரான்ஸின் உரிமையை ஒப்புக்கொண்டது.

திறையும் பட்டமும் அத்தோடு முடிந்தன. கன்பூசியத் தேர்வுகள் முடியவில்லை. சீனா தன் தேர்வுமுறையை 1905இல் ஒழித்துவிட்டது. வியட்நாமில் கடைசி அரசவைத் தேர்வு 1919இல் ஹுவேயில் நடந்தது.